கால் மில்லிமீட்டர்க் குளவிக்கு எதற்கு அத்தனை பக்கம்?

கேள்வி இது: கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவியைப் புதிய சிற்றினம் என்று அறிவித்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால், உடலமைப்புக்கு மட்டும் பல பக்கங்கள். மயிர் எத்தனை, கணு எத்தனை, எது எதைவிட எத்தனை மடங்கு நீளம் என்று ஒரே கணக்கு. புள்ளியளவு பூச்சியில் எழுத அப்படி என்ன இருக்கிறது? புதியது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அந்தக் கணக்குத்தான் வர்ணனை. படிப்பவர் மனக்கண்ணில் பூச்சியைக் கொண்டுவந்து நிறுத்துவது அதன் நோக்கமே இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறொரு கண்டத்தில் ஒருவர் கையில் இதேபோல ஒரு பூச்சி சிக்கும். அவர் அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு, 'இது அதுதான்' என்றோ 'இல்லை, இது வேறு' என்றோ முடிவுக்கு வர வேண்டும். 'மிகச் சிறியது, அழகான இறகு போன்ற இறக்கைகள் உடையது' என்று எழுதினால் நூறு பூச்சிகளுக்குப் பொருந்தும். 'முன்னிறக்கையின் நீளம் அகலத்தைப்போல 13 மடங்கு' என்று எழுதினால் பெரும்பாலானவை அங்கேயே கழிந்துவிடும்.

பேசுவதற்கு ஒரு பூச்சி வேண்டும் என்பதால் டிங்கர்பெல்லா நானாவை எடுத்துக்கொள்கிறேன். பூச்சியியலாளர்கள் ஜான் ஹூபர், ஜான் நாய்ஸ் இருவரும் கோஸ்டா ரிகாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2013இல் வர்ணித்தது. சிற்றினம் மட்டுமல்ல, பேரினமே புதிது. மைமாரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த குளவி. இந்தக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் ஃபேரிஃபிளை, அதாவது 'தேவதை ஈ' என்று பெயர். ஈ என்பது பெயரில் மட்டும்தான். உண்மையில் எல்லாமே குளவிகள், ஏறக்குறைய எல்லாமே பிற பூச்சிகளின் முட்டைக்குள் தம் முட்டையை வைத்து வளர்ப்பவை. 'பீட்டர் பேன்' கதையில் வரும் டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதையின் பெயரைப் பேரினத்துக்கு வைத்தார்கள். 'நானா' குள்ளம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிடைத்த மாதிரிகள் எல்லாமே 250 மைக்ரானுக்கு உட்பட்டவை. 1000 மைக்ரான் சேர்ந்தால்தான் 1 மில்லிமீட்டர்.

இதன் நெருங்கிய சொந்தம் கிகிகி ஹுனா. ஹவாயில் கண்டுபிடித்து 2000இல் பெயரிட்டது. 158 மைக்ரான் வரை சிறுத்த மாதிரிகள் உண்டு. இறக்கை உள்ள பூச்சிகளில் இவ்வளவு சிறியது வேறு தெரியவில்லை. பள்ளிப் பாடத்தில் படம் வரைந்த பரமீசியம் நினைவிருக்கும். ஒரே செல் உயிரி. அது 200 முதல் 300 மைக்ரான் நீளம். அதைவிடச் சிறிய உடலுக்குள் மூளை, குடல், தசை, கூட்டுக்கண், ஆறு கால்கள், நான்கு இறக்கைகள் எல்லாம் இருக்கின்றன. நானே இதைப் பலமுறை பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு குறையவில்லை.

ஆனால் செய்தித்தாள் தலைப்பில் வரும் அந்த அளவு, வகைபாட்டியலில் மிகப் பலவீனமான சாட்சி. முட்டை ஒட்டுண்ணியின் வாழ்நாள் உணவு முழுவதும் ஒரே ஒரு முட்டை. பெரிய முட்டையில் வளர்ந்தது பெரிதாகும், சிறிய முட்டையில் வளர்ந்தது சிறுத்துப் போகும். ஒரு முட்டையை இரண்டு மூன்று புழுக்கள் பங்குபோட்டால் மூன்றும் குட்டையாகவே வெளிவரும். எனவேதான் கட்டுரை முழுக்க விகிதங்கள். உடல் சுருங்கினாலும் விகிதங்கள் அவ்வளவாக ஆடுவதில்லை. நீளத்தை எழுதும்போதும் ஒற்றை எண்ணாக எழுதாமல், இத்தனை மாதிரிகளை அளந்தோம், இங்கிருந்து இதுவரை என்று வீச்சாக எழுதுவார்கள்.

அளப்பதே சிக்கலான வேலை. சைடோசெல்லா முசவாசென்சிஸ் என்ற வண்டை 1999இல் நிகராகுவாவிலிருந்து வர்ணித்தார்கள். அந்த மாதிரிகள் நுண்ணோக்கி ஸ்லைடுகளில் பதிந்து கிடந்ததால் துல்லியமாக அளக்க முடியவில்லை. அலெக்சி பொலிலோவ் என்ற பூச்சியியலாளர் பின்னர் கொலம்பியாவில் அதே வண்டைச் சேகரித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அளந்து 2015இல் வெளியிட்டார். மிகச் சிறியது 0.325 மில்லிமீட்டர். தனித்து வாழும் பூச்சிகளில் மிகச் சிறியது எது என்ற கேள்விக்குச் சரியான எண் கிடைக்க 16 ஆண்டுகள் ஆயின. கண்ணாடிக்கிடையில் நசுங்கிய உடல் விரியும், உலர்ந்த உடல் சுருங்கும். எந்த நிலையில் அளந்தார்கள் என்று எழுதாத நீளத்தை நான் நம்புவதில்லை.

உலர்வது பற்றிச் சொன்னேன். இந்தக் குளவிகளின் தோல் அவ்வளவு மெலிது. ஆல்கஹாலிலிருந்து எடுத்துக் காற்றில் காயவிட்டால் ஆவியாகும் திரவத்தின் பரப்பு இழுவிசையே முகத்தை உள்ளே இழுத்து நொறுக்கிவிடும். கண்கள் குழிந்து, தலை கசங்கிய காகிதம்போல் ஆகிவிடும். அதனால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போகும் மாதிரியைத் தனி முறையில், திரவம் வாயுவாகும் எல்லையைத் தொடாமலே உலர்த்துவார்கள். பிறகு மெல்லிய பொன் பூச்சு. கட்டுரையில் வரும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இப்படி வந்தவை. எலக்ட்ரானுக்கு நிறம் தெரியாது. நிறத்தோடு வரும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் எல்லாமே பிறகு வண்ணம் தீட்டியவை.

ஸ்லைடுக்குப் போகும் மாதிரிக்கு வேறு பாதை. முதலில் நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த கட்டத்தில் அது போய்விடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் உள்ளிருக்கும் தசையும் கொழுப்பும் கரைந்து, தோல் மட்டும் கண்ணாடிபோல் மிஞ்சும். பிறகு ஆல்கஹால், கிராம்புத் தைலம், கடைசியாகக் கனடா பால்சம் என்ற பிசின். அந்தப் பிசின் துளிக்குள் பூச்சியைப் பிரிக்க வேண்டும். தலையைத் தனியே எடுத்து முகம் மேலே பார்க்குமாறு ஒரு மூடுகண்ணாடிக்குக் கீழே, ஒரு பக்க இறக்கைகள் இன்னொன்றின் கீழே, மார்பும் வயிறும் வேறொன்றின் கீழே. கையில் இருப்பது மிக நுண்ணிய ஊசி. மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. ஒரு உணர்கொம்பு ஊசியில் ஒட்டிக்கொண்டு காணாமல் போனால் அந்த மாதிரியின் பாதி மதிப்பு போயிற்று.

ஏன் உணர்கொம்புக்கு அவ்வளவு மதிப்பு? மைமாரிடேவில் முதலில் பார்க்கும் இடம் அது. பெண்ணின் உணர்கொம்பு அடியில் ஒரு நீண்ட துண்டு, பிறகு ஒரு குட்டைத் துண்டு, அதன்பின் மணிகள் கோத்ததுபோல் சிறு கணுக்கள், நுனியில் கதாயுதத்தின் தலைபோல் பருத்த குமிழ். இந்தக் குமிழ் ஒரே துண்டா, இரண்டாகப் பிரிந்ததா, மூன்றாகவா? இடையில் உள்ள கணுக்கள் எத்தனை? அவற்றுள் எது மிகக் குட்டை? எந்தெந்தக் கணுவில் நீளவாக்கில் வரம்பு கட்டியதுபோல் மணம் அறியும் உறுப்புகள் இருக்கின்றன, எதில் இல்லை? 'நான்காம் கணுவில் ஒன்று, ஐந்தில் இல்லை, ஆறில் இரண்டு' என்ற மாதிரி வரி படிக்க வறட்சியாக இருக்கும். ஆனால் இரண்டு சிற்றினங்களைப் பிரிக்கும் கோடு பெரும்பாலும் அந்த வரியில்தான் ஓடுகிறது. அந்த உறுப்புகளில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள். பெண் குளவி தனக்குரிய முட்டையைத் தேடிக் கண்டடைய உதவும் உறுப்புகள் அவை. எந்த முட்டை என்பது மாறினால் தேடும் கருவியும் மாற வேண்டியிருக்கும் இல்லையா? ஆணுக்குக் குமிழ் கிடையாது. நுனிவரை நூல்போல நீண்டு, கணுக்கள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். ஆணையும் பெண்ணையும் அருகருகே வைத்தால் ஒரே சிற்றினம் என்று சொல்லத் தோன்றாது.

தலையின் முகப்பில் இந்தக் குடும்பத்துக்கே உரிய ஒரு முத்திரை உண்டு. உணர்கொம்புகளுக்கு மேலே குறுக்காக ஒரு கருங்கோடு. இரு கண்களின் உள்விளிம்பை ஒட்டி நெடுக்காக இரண்டு கோடுகள். மூன்றும் சேர்ந்தால் ஆங்கில எழுத்து 'எச்' போலத் தெரியும். உணர்கொம்புகள் இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில் இல்லாமல் கண்களை ஒட்டியே முளைத்திருக்கும். இவை தெரிந்தால் குடும்பம் உறுதி. உச்சந்தலையில் மூன்று தனிக்கண்கள், அவற்றுக்கிடையே உள்ள தூரம், கூட்டுக்கண்ணுக்கும் அவற்றுக்கும் உள்ள தூரம், எல்லாம் அளவுதான். கூட்டுக்கண்ணில் எத்தனை சிறுகண்கள் என்றும் எண்ணுவார்கள். மெகாஃபிராக்மா என்ற வேறொரு குடும்பத்துக் குளவியின் கண்ணில் 29 மட்டுமே. வீட்டு ஈக்கு ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு சிறுகண்ணைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுருக்கினால் ஒளி சிதறிப் பிம்பம் கெட்டுவிடும். ஆகவே கண்ணைச் சுருக்க ஒரே வழி எண்ணிக்கையைக் குறைப்பது.

மெகாஃபிராக்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அதன் நரம்பு மண்டலத்தில் சுமார் 7,400 நரம்பு செல்கள். வளர்ந்த பூச்சியில் அவற்றுள் 95 விழுக்காட்டுக்கு மேல் உட்கருவே இல்லை என்று பொலிலோவ் 2012இல் காட்டினார். கூட்டுப்புழுப் பருவத்தின் இறுதியில் உட்கருக்கள் சிதைந்து போகின்றன. மிஞ்சியதை வைத்துக்கொண்டே பறக்கிறது, உண்கிறது, முட்டையைத் தேடுகிறது. இது சிற்றின வர்ணனையில் வராது. வர்ணனை பெரும்பாலும் வெளித்தோலைப் பற்றியது. ஆனால் இவ்வளவு சிறிய உடலுக்குள் இடநெருக்கடி எந்த அளவுக்கு என்பது இதைவிட வேறெதிலும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

இனி இறக்கை. படத்தில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். நாம் நினைக்கும் இறக்கைபோல் அகன்ற சவ்வு அல்ல. ஒடுங்கிய ஒரு பட்டை, அதன் ஓரமெல்லாம் பட்டையைவிடப் பல மடங்கு நீளமான மயிர்கள், மயிலிறகின் காம்பும் தூவியும்போல. மைமார் என்ற பேரினத்தில் முன்னிறக்கை நீண்ட காம்பாகப் போய், நுனியில் மட்டும் துடுப்புபோல் விரிந்திருக்கும். பின்னிறக்கை எப்போதும் காம்பு வைத்த ஒல்லி நூல். அதன் முன்விளிம்பில் நுண்கொக்கிகள் உண்டு; பறக்கும்போது அவை முன்னிறக்கையைப் பற்றிக்கொள்கின்றன.

சவ்வு இல்லாமல் மயிரை வைத்து எப்படிப் பறக்கும் என்று கேட்பீர்கள். நமக்குக் காற்று மெல்லியது. அந்த அளவு உடலுக்கு அது பாகு மாதிரி. அருகருகே உள்ள இரண்டு மயிர்களுக்கிடையே காற்று நுழைந்து போக முடியாமல் தடைபடும். எனவே மயிர்வரிசை ஏறக்குறைய முழுச் சவ்வு செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. எடையோ மிகக் குறைவு. இந்த அளவுப் பூச்சிகள் சில, இறக்கைகளை முதுகுக்கு மேலே ஒன்றோடொன்று தட்டிப் பிரித்து எழும்புகின்றன. என்கார்சியா ஃபார்மோசா என்ற குளவியில் டார்கெல் வைஸ்-ஃபோக் இதை விளக்கியது 1973இல். அது நொடிக்கு 400 முறை சிறகடிக்கிறது.

வர்ணிப்பவர் இதில் எதை எழுதுகிறார்? இறக்கை நீளம் அகலத்தைப்போல எத்தனை மடங்கு. ஓரத்து மயிர்களில் மிக நீளமானது, இறக்கையின் அகலத்தைப்போல எத்தனை மடங்கு. இறக்கையில் ஓடும் நரம்பு எங்கே முடிகிறது (இந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் இறக்கையின் பாதிக்கு முன்பே நின்றுவிடும்). சவ்வின் மேல்பரப்பில் மயிர்கள் உண்டா, எத்தனை, வரிசையாகவா சிதறியா. சவ்வு தெளிவானதா, பழுப்பேறியதா.

கால்களையும் வயிற்றையும் விரைவாகக் கடந்துவிடலாம். பாதத்தின் கணுக்கள் நான்கா ஐந்தா என்பது மைமாரிடேவில் பேரினங்களைப் பிரிக்க உதவும். டிரைக்கோகிராமா என்ற இன்னொரு முட்டை ஒட்டுண்ணிக் குளவியின் குடும்பத்தில் மூன்று. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுப்பு ஒடுங்கியிருக்கிறதா, அகலமாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முட்டையிடும் குழலின் நீளத்தைப் பின்னங்காலின் ஒரு பகுதியோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். திசுவுக்குள் ஆழப் புதைந்த முட்டையைத் தேடும் சிற்றினங்களுக்கு அது நீளும்.

புதியது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்ற உங்கள் இரண்டாவது கேள்வியின் கடினமான பகுதி இனிதான். உடல் சிறுக்கச் சிறுக்க உறுப்புகள் ஒன்றாகச் சேர்கின்றன, அல்லது மறைகின்றன. ஆகவே 'இது இல்லை, அது இல்லை' என்ற வரிகள் வர்ணனையில் கூடிக்கொண்டே போகும். இல்லாதது எல்லாம் உறவைக் காட்டாது. மயிரிறக்கை இந்தக் குளவிகளிடம் உண்டு; பேன்களைப் போலத் தோன்றும் இலைப்பேன்களிடம் உண்டு; நான் முன்பு சொன்ன குட்டி வண்டின் குடும்பத்திலும் உண்டு. மூன்றும் தனித்தனி வழியில் வந்து ஒரே தீர்வை அடைந்தவை. எனவே புதிய பேரினம் என்று சொல்ல 'கணு குறைவு' என்பது மட்டும் போதாது. குறையாமல் மிஞ்சியதில் உள்ள தனித்தன்மையையும் காட்ட வேண்டும். டிங்கர்பெல்லாவைக் கிகிகியோடு விரிவாக ஒப்பிட்டுத்தான் எழுதினார்கள். இரண்டும் நெருங்கியவை என்று காட்டிவிட்டு, எங்கே பிரிகின்றன என்றும் காட்டினார்கள்.

குறைதலின் எல்லைக்கு ஒரு உதாரணம்: டைகோபோமார்ஃபா எக்மெப்டெரிஜிஸ், எட்வர்ட் மாக்ஃபோர்டு 1997இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸிலிருந்து வர்ணித்தது. மரப்பட்டையில் வாழும் பேன் போன்ற பூச்சியொன்றின் முட்டையில் வளர்கிறது. ஆண் 139 மைக்ரான்தான். அறியப்பட்ட பூச்சிகளிலேயே மிகச் சிறியது. இறக்கை இல்லை, கண் இல்லை, உணர்கொம்பு வெறும் முண்டாகத் தேய்ந்திருக்கும். பெண்ணோ இறக்கையும் கண்ணும் உள்ள, பார்த்தவுடன் தெரிந்துகொள்ளக்கூடிய மைமாரிட் குளவி. ஒரே வகை முட்டையிலிருந்து இரண்டும் வெளிவந்தது தெரியாவிட்டால், இந்த ஆணை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்றே திகைத்திருப்பார்கள். பூச்சியை வலையில் பிடிப்பதைவிட, அது வளர்ந்த முட்டையிலிருந்து பொரியவைத்து எடுப்பது எவ்வளவு மேலானது என்பதற்கு இந்த ஒரு சிற்றினம் போதும்.

சில சமயம் நாம் எண்ணிக்கொண்டிருந்த அடையாளமே தவறாக இருக்கும். டிரைக்கோகிராமாக் குளவிகளை நெடுங்காலம் உடல் நிறத்தையும் உணர்கொம்பு மயிர்களையும் வைத்துப் பிரித்தார்கள். நிறம் வளர்ந்த இடத்தின் வெப்பத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதால் குழப்பம் தீரவில்லை. சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் ஆண் இனப்பெருக்க உறுப்பின் வடிவமே நம்பகமான அடையாளம் என்று நிறுவி, 1971இல் பழைய சிற்றினங்களையே மறுபடி வர்ணித்தார்கள். பயிர்ப் பூச்சிகளுக்கு எதிராகக் கோடிக்கணக்கில் வளர்த்து வயலில் விடும் குளவிகள் இவை. தவறான சிற்றினத்தை வளர்த்து விட்டால் அந்த உழைப்பு முழுவதும் வீண். ஒரு மயிரை எண்ணுவதற்கும் ஒரு வயலின் விளைச்சலுக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்கும் துறைகள் அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

மரபணு வந்துவிட்டதே, இனி மயிர் எண்ணுவது எதற்கு என்றும் சிலர் கேட்பதுண்டு. குளவியை நசுக்காமல், ஒரு கரைசலில் ஊறவைத்து மரபணுவை மட்டும் எடுத்துக்கொண்டு, வெற்றுத் தோலை ஸ்லைடில் பதிக்க இன்று முடியும். ஒரே மாதிரியிலிருந்து இரண்டு சாட்சியும் கிடைக்கின்றன. ஆணையும் பெண்ணையும் இணைக்க இது மிகப் பெரிய உதவி. ஆனால் அருங்காட்சியகங்களில் நூறாண்டுப் பிசினுக்குள் இருக்கும் பழைய மூல மாதிரிகளிடமிருந்து (சிற்றினத்துக்குப் பெயரிட அடிப்படையாக வைத்த மாதிரிகள்) பெரும்பாலும் மரபணு கிடைப்பதில்லை. அவற்றோடு ஒப்பிட உருவம் ஒன்றுதான் வழி. எனவே இரண்டும் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பெயரிடும் விதிகளும் இதையே கேட்கின்றன. பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின்படி, 1930க்குப் பிறகு வந்த எந்தப் பெயரும் மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் சொல்லியிருக்க வேண்டும். படம் மட்டும் போதாது. 1999க்குப் பிறகு வருபவற்றுக்கு எந்த மாதிரி பெயரைத் தாங்குகிறது என்றும் குறிக்க வேண்டும். அந்த ஒற்றை மாதிரிக்கு ஹோலோடைப் என்று பெயர். நாளை வர்ணனையில் பிழை தெரிந்தாலும் பெயர் அந்த ஸ்லைடோடுதான் போகும்.

மறுபடி அந்தக் கட்டுரையைத் திறக்கும்போது முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள். 'டயக்னோசிஸ்' என்ற சிறு பத்தி ஒன்று இருக்கும்; பெரும்பாலும் நான்கைந்து வாக்கியம். புதியது என்பதற்கான வாதம் முழுவதும் அங்கே இருக்கிறது. அதில் சொன்ன உறுப்பைப் படத்தில் தேடுங்கள், பெரும்பாலும் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதன்பின் அந்த உறுப்பின் அளவுகளை மட்டும் நீண்ட வர்ணனையில் பாருங்கள். மற்ற பக்கங்கள் இன்னொரு மாதிரி உங்கள் நுண்ணோக்கியின் கீழே வரும்வரை காத்திருக்கும்.